வெளியூர் முதலாளியும் எங்கள் ஊரும்

உயர்தரப் பொருளியல் பாடத்துக்காக "அபிவிருத்தியடைந்துவரும் நாடுகளில் வெளிநாட்டு நேரடி முதலீடு" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். நன்மைகள் ஆறு, தீமைகள் ஐந்து. மூலதனப் பற்றாக்குறை நீங்கும், தொழில்வாய்ப்புப் பெருகும், புதிய தொழில்நுட்பம் வரும், இலாபம் வெளியே போகும், சூழல் மாசடையும் என்று குறிப்புப் புத்தகத்தில் உள்ளபடியே வரிசையாக எழுதியிருந்தேன். டீச்சர் 20க்கு 16 புள்ளி போட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்வியும் எழுதியிருந்தார்: "இதில் மடவளை எங்கே?"

16 கிடைத்த பிறகு மடவளை எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்தபோது தாத்தா முன்கூடத்தில் தையல் மெஷினோடு இருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாடசாலைச் சீருடைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். என் மூத்த சகோதரி ஒன்பது வருடம் வெளிநாட்டு முதலீட்டுக்குள்தான் வேலை செய்தவர். அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் நான் பதினொரு கருத்துகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்வோம். எங்கள் வீட்டில் "வெளிநாட்டுக்காரன் சல்லி" என்று ஒரே பெயரில் நான்கு விடயங்களைக் கதைப்பார்கள். ஒன்று கடன், வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று நன்கொடை, திருப்பத் தேவையில்லை, ஆனால் கொடுத்தவருக்கும் அதில் ஓர் இலாபம் இருக்கும். மூன்றாவது, பங்குச் சந்தைக்கு வந்து பங்குகளை வாங்கி, விலை ஏறியதும் விற்றுவிட்டுப் போகும் பணம். நான்காவதுதான் நேரடி முதலீடு. வெளிநாட்டவர் ஒருவர் இங்கே ஒரு நிறுவனத்தைத் தொடங்குவது, அல்லது இருக்கும் நிறுவனத்தில் குறைந்தது 10 சதவீத உரிமையை வாங்கி அதன் நிருவாகத்தில் கை வைப்பது. அவர் பணத்தை மட்டும் அனுப்புவதில்லை. முடிவெடுக்கும் உரிமையையும் வைத்துக்கொள்கிறார்.

எங்கள் கண்முன்னே உள்ள உதாரணங்களைப் பாருங்கள். விக்டோரியா அணைக்கட்டு பிரித்தானியாவின் நன்கொடையில் கட்டப்பட்டது. 1985 ஏப்ரலில் அந்நாட்டுப் பிரதமர் மார்கரெட் தட்சரே வந்து அதைத் திறந்துவைத்தார். கட்டியவையும் பிரித்தானியக் கம்பனிகள்தாம். அந்த நீருக்குள் போனது பழைய தெல்தெனிய நகரம். நீர் வற்றும் காலங்களில் அதன் மிச்சங்கள் தலைகாட்டும்; பார்ப்பதற்கு வான் பிடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் கதை வேறு. அது சீனக் கடனில் கட்டப்பட்டு, 2017 ஜூலையில் ஒரு சீனக் கம்பனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. "கடனுக்கு ஈடாகத் துறைமுகத்தை எடுத்துக்கொண்டார்கள்" என்று வாப்பா உட்பட எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் குத்தகைக்குக் கிடைத்த 112 கோடி டொலர் நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பைப் பலப்படுத்தவே போனது. துறைமுகக் கடன் அரசாங்கத்தின் தலையில் அப்படியே இருந்தது. ஆக, முதலில் கடன், பிறகு அதே இடத்தில் முதலீடு. பல்லேகலையில் முதலீட்டுச் சபையின் கைத்தொழிற் பேட்டையில் வெளிநாட்டவர் ஒருவர் தொழிற்சாலை போட்டால், அது கலப்பில்லாத நேரடி முதலீடு.

இதைச் சொன்னபோது வாப்பா சிரித்தார். "நீ நாலா பிரிச்சாலும் அஞ்சா பிரிச்சாலும், முதல் போட்டவன் லாபத்தை அள்ளிக்கொண்டுதான் போவான் மகள்" என்றார். வாப்பா கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி அக்குறணை வியாபாரிகளுக்குக் கொடுப்பவர். "முதல்" என்ற சொல் அவர் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வரும். அந்தச் சொல்லிலிருந்துதான் முதலீடு, முதலாளி எல்லாமே வந்தன. சிங்களத்திலும் கடைக்காரரை "முதலாளி" என்றுதான் அழைக்கிறார்கள். எங்கள் சொல் அங்கே போய்க் குடியேறியிருக்கிறது. நான் கேட்ட எல்லாரும் வெளிநாட்டு முதலீட்டாளரை ஒரு கடை முதலாளியை எடைபோடுவது போலத்தான் எடைபோட்டார்கள் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் நேர்மையானவரா, கஷ்ட காலத்தில் கைகொடுப்பாரா, நாளைக்கும் கடை திறந்திருக்குமா?

வாப்பாவின் கூற்றுக்குப் பொருளியலில் இடமுண்டு. தொழிற்சாலை எங்கள் மண்ணில் உற்பத்தி செய்யும் அனைத்தும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேரும். ஆனால் முதலாளி தன் நாட்டுக்கு அனுப்பும் இலாபத்தைக் கழித்த பிறகுதான் மொத்தத் தேசிய வருமானம் வரும். முதலாவது எண் பெரிதாகத் தெரியும்போது இரண்டாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் வாப்பா ஒன்றை மறந்துவிடுகிறார். இலாபம் என்பது சம்பளமும் மின்கட்டணமும் வாடகையும் வரியும் கொடுத்த பிறகு மிஞ்சுவது. தாத்தாவின் ஒன்பது வருடச் சம்பளம் எந்த நாட்டுக்கும் போகவில்லை. எங்கள் வீட்டுக் கூரைக்கும், உம்மாவின் சீட்டுக்கும், என் டியூஷன் வகுப்புக்கும் போனது.

இந்தச் சந்தேகம் வாப்பாவோடு தொடங்கியதல்ல. மலைநாட்டில் அதற்கு ஏறத்தாழ இருநூறு வருட வயது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் தொடங்கியது. அடுத்து வந்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும், வேறு யாருக்கேனும் சொந்தமென நிரூபிக்கப்படாதவரை முடிக்குரியவை என்று அது சொன்னது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய கிராமத்தவரிடம் உறுதிப் பத்திரம் எங்கே இருந்தது? அந்த நிலங்கள் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. ஆளுநர் முதல் அதிகாரிகள் வரை தாங்களே வாங்கிக்கொண்டார்கள். இன்றைய மொழியில் சொன்னால், இந்த நாட்டுக்கு வந்த முதலாவது பெரிய வெளிநாட்டு நேரடி முதலீடு அது. அதனோடு 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது, பாதை வந்தது, வங்கி வந்தது. நிலம் போனதும் அதனோடுதான். அதனால்தானோ என்னவோ, தொழிற்சாலை வருகிறது என்றால் "எத்தனை பேரை எடுப்பான்?" என்று கேட்கும் அதே ஆள், காணி என்றால் "எத்தனை ஏக்கர்?" என்று முகம் மாறுகிறார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியைச் சொந்தமாக விற்பதைப் பொதுவாகத் தடைசெய்து, குத்தகைக்கு மட்டும் வழிவிட்டதற்குப் பின்னால் இந்தப் பழைய பயமும் இருக்கிறது.

ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கு நாங்கள் பத்தாம் தரத்தில் சுற்றுலா போனோம். ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி அங்கே நிறையச் சொல்வார்கள். 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டவர் அவர். பின்னர் இலைநோய் கோப்பியை அழித்தபோது நாட்டைக் காப்பாற்றியது அந்தத் தேயிலைதான். நாங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு: டெய்லர் தோட்டத்தின் சொந்தக்காரர் அல்லர், சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1892இல் கம்பனி அவரை வேலையிலிருந்து போகச் சொன்னது. அதே வருடம் வயிற்றோட்டத்தில் இறந்தார். நகரத்துக்குள்ளேயே, மஹய்யாவை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நான் பஸ்ஸில் எத்தனையோ முறை அந்தப் பாதையால் போயிருக்கிறேன்.

எங்கள் கணித டீச்சரின் தாயார் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களை 1975இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது சந்தோஷப்பட்டீர்களா என்று கேட்டேன். "துரை மாறினாரு, லயம் மாறல்லியே புள்ள" என்றார். அவருக்கு அந்த எழுபதுகள் பசியின் காலம். காணிச் சீர்திருத்தத்தின்போது கண்டிப் பகுதியில் சில தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். குடியுரிமையும் இல்லாமல் அவர்கள் எங்கே போவார்கள்? நிலம் நாட்டுக்குத் திரும்பியது என்று எங்கள் வரலாற்றுக் குறிப்பில் இருக்கிறது. அந்த நாட்டுக்குள் அவரை யாரும் கணக்கெடுக்கவில்லை. 1992இல் தோட்ட நிருவாகம் மறுபடி தனியார் கம்பனிகளிடம் போனது. அதைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. அப்போதைய நாட்சம்பளம் எவ்வளவு என்பது மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது.

அரசாங்கம் வெளிநாட்டுச் சொத்துகளை எடுத்துக்கொண்டது அது முதல்முறையல்ல. 1960களின் தொடக்கத்தில் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளைச் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் பொறுப்பேற்றது. நட்டஈட்டுப் பிரச்சினையில் அமெரிக்கா 1963இல் தன் உதவியை நிறுத்தியது. அந்த மாற்றத்தில் முன்னின்ற அமைச்சர் ரி. பி. இலங்கரத்ன ஒருகாலம் கண்டியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர்; "அம்ப யாளுவோ" என்ற சிறுவர் நாவலை எழுதியவரும் அவரே. கதை எழுதுகிறவர்களுக்குப் பொருளாதாரம் விளங்காது என்று சொல்லும் வர்த்தகப் பிரிவுத் தோழியருக்காக இதைக் குறிப்பிட்டு வைக்கிறேன்.

காற்று 1977க்குப் பிறகு மறுபக்கம் திரும்பியது. திறந்த பொருளாதாரம் வந்தது, 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் ஒப்பந்தங்களுக்குச் சட்ட வலுக் கொடுக்கும் உறுப்புரை ஒன்று, 157ஆவது, அதே வருடத்து அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. இனி உங்கள் சொத்தைப் பறிக்கமாட்டோம் என்று முதலாளிமாருக்கு எழுதிக் கொடுத்த வாக்குறுதி அது. 1992இல் பிரேமதாச அரசாங்கம் 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டத்தால் அவற்றைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. கொழும்புக்குப் போக விடாத வீட்டுப் பெண்பிள்ளைகள், காலையில் போய் மாலையில் வரக்கூடிய தூரத்தில் வேலை கண்டார்கள்.

தாத்தாவும் அப்படிப் போனவர்தான். சாதாரண தரம் முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தபின் போனார். உம்மும்மாவுக்கு முதலில் விருப்பமில்லை. "காமன்ட்ஸுக்குப் போற புள்ள" என்று ஊரில் ஒரு மாதிரிக் கதைப்பார்களாம். மூன்றாவது மாதச் சம்பளத்தில் உம்மும்மாவின் கண்ணாடி மாறியது. அதன்பின் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒன்பது வருடத்தில் தாத்தா மூன்று வகை மெஷின் பழகினார், சிங்களம் சரளமாகக் கதைக்கப் பழகினார், கடைசியில் ஒரு வரிசைக்குப் பொறுப்பாகவும் இருந்தார். 2023இல் மேற்கு நாடுகளில் ஆடைகளுக்கான கேள்வி சரிந்து, எங்கள் ஏற்றுமதி வருமானமும் விழுந்தது. நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து போன முதல் வாரத்தில் எல்லாரையும் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டி, தொழிற்சாலை மூடப்படுகிறது என்றார்கள். அந்த மாதச் சம்பளமும் இன்னும் ஒன்றரை மாதச் சம்பளமும் தருவதாகச் சொல்லி, ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவசரத்தில் யாரும் வாசிக்கவில்லை. அது இராஜினாமாக் கடிதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனெனில் எங்களில் பலர் நாளைக்கு வேலைக்குப் போகப் போகிறவர்கள். 15 பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ வேலை கொடுக்கும் தனியார் தொழில் கொள்வோர், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஊழியரை நிறுத்துவதானால், அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ பெற வேண்டும். 1971ஆம் ஆண்டின் சட்டம் அப்படிச் சொல்கிறது. தொழிற்சாலையை மூடுவதற்கும் அது பொருந்தும். சேவை வருடங்களைக் கொண்டு நட்டஈட்டைக் கணக்கிட ஒரு சூத்திரமும் உண்டு. ஒன்பது வருடத்துக்கு அது ஒன்றரை மாதச் சம்பளத்தைவிடப் பல மடங்கு. தானாக விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சூத்திரம் உதவாது. முதலாளி வெளிநாட்டவரா உள்நாட்டவரா என்பதில் சட்டம் வித்தியாசம் காட்டவில்லை. ஆனால் வெளிநாட்டு முதலாளி விமானம் ஏறிய பிறகு யாரைப் போய்ப் பிடிப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. தாத்தாவுக்கு ஊழியர் சேமலாப நிதி கிடைத்தது. அவர் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி போட்ட 12 சதவீதமும் மத்திய வங்கியில் இருந்ததால் அதை யாராலும் கொண்டுபோக முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகு தாத்தா வெளிநாட்டு முதலீட்டை வெறுப்பார் என்று நினைத்தேன். நேர்மாறாக இருந்தது. "அவங்க வராம இருந்திருந்தா நான் குவைத்துக்குப் போயிருப்பேன்" என்றார். இரண்டு வீடு தள்ளியுள்ள சாச்சி அப்படித்தான் போனார். அவர் பிள்ளைகள் மூன்று பேரும் உம்மாவின் குரலைக் கேட்டது போனில்தான். அந்தப் போனே வெளிநாட்டு முதலீட்டில் வந்தது என்பது தனிக் கதை. அரசாங்க டெலிபோன் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்த நாட்டில், 1989இல் தொடங்கிய கையடக்கத் தொலைபேசிச் சேவைகள் வெளிநாட்டு மூலதனத்தில்தான் வளர்ந்தன. அவற்றுக்கு எதிராக எங்கள் ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை, டேட்டா விலையைத் தவிர.

எரிபொருளுக்கும் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. 2022இல் கட்டுகஸ்தோட்டை வரிசையில் இரண்டு இரவு லொறிக்குள் தூங்கிய வாப்பா, 2023இல் சீனக் கம்பனி எண்ணெய் விற்க வந்தபோது தேசத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; லீட்டர் எவ்வளவு என்றுதான் கேட்டார். அன்று அவர் முகத்தைப் பார்த்து நானும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் மக்கள் சரி சொல்லிவிடுவார்கள் என்றில்லை. 1990களில் அநுராதபுர மாவட்டம் எப்பாவலையில் உள்ள பொஸ்பேட் படிவை முப்பது வருடத்துக்கு ஓர் அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுக்க அரசாங்கம் தயாரானது. அவ்வூர்ப் பிக்கு ஒருவரும் விவசாயிகளுமாக ஏழு பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். ஆயிரக்கணக்கானோரின் வீடும் வயலும் மட்டுமன்றி, பண்டைய ஜய கங்கைக் கால்வாயும் ஆபத்தில் இருந்தது. சூழல் தாக்கத்தை முறையாக ஆராய்ந்து அனுமதி பெறாமல் ஒப்பந்தம் செய்யக் கூடாதென்று 2000 ஜூனில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஏழு பேரும் வெளிநாட்டவர் வரவே கூடாது என்று கேட்கவில்லை. எங்களுக்குச் சொல்லாமல் எங்கள் காணிக்கு விலை பேசாதீர்கள் என்று கேட்டார்கள். 2017 ஜனவரியில் அம்பாந்தோட்டைக் கைத்தொழில் வலயத் தொடக்க விழா நாளில் வீதிக்கு வந்தவர்களின் கோபத்திலும் காணிதான் இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் நான் கட்டுரையில் எழுதவில்லை. ஆடைத் தொழிற்சாலை என்றாலே வெளிநாட்டான் சொத்து என்று நினைக்கிறோம். நாட்டின் மிகப் பெரிய ஆடைக் கம்பனிகளான எம்.ஏ.எஸ்., பிரண்டிக்ஸ், ஹிர்தராமணி ஆகியவை இலங்கையருடையவை; வாங்குபவர்தான் வெளிநாட்டவர். இவையும் வெளியே போய் முதலீடு செய்கின்றன. ஆந்திராவின் விசாகப்பட்டினத்துக்கு அருகே அச்சுதாபுரத்தில் பிரண்டிக்ஸ் ஓர் ஆடை நகரமே நடத்துகிறது. அங்கே மெஷினுக்கு முன் உட்கார்ந்திருக்கும் தெலுங்குப் பெண்ணுக்கு நாங்கள்தான் வெளிநாட்டு முதலாளி. அவள் வீட்டிலும் ஒரு வாப்பா இருந்து, "இலங்கைக்காரன் லாபத்தை அள்ளிக்கொண்டு போறான்" என்று சொல்லக்கூடும்.

டீச்சருக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்படியென்றால் உன் முடிவு என்ன?" என்றார். புள்ளி போடுவதற்காகக் கேட்டாரோ தெரியாது. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். வெளிநாட்டு முதலீடு வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் ஊரில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. என்ன எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். 1840இல் சேனைக்காரரிடம் பத்திரம் இல்லை, 2023இல் தாத்தா பத்திரத்தை வாசிக்கவில்லை. அரசாங்கம் முதலாளிக்கு எழுதிக் கொடுப்பது அரசியலமைப்பில் இருக்கிறது. முதலாளி ஊருக்கு எழுதிக் கொடுப்பது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு கட்டுக் கடதாசியாகத்தான் இருக்கிறது.

இப்போது பல்லேகலையில் வேறொரு தொழிற்சாலை ஆள் எடுக்கிறது. அதுவும் வெளிநாட்டவருடையது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா எங்கள் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்து, ஆகஸ்டில் அது 20க்கு இறங்கியபின் அவர்கள் துணிந்திருக்கிறார்கள் போலும். வாப்பா வேண்டாம் என்கிறார். "இன்னொருமுறை மூடினா?" என்பது அவர் கேள்வி. தாத்தா பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றிரவு என்னைக் கூப்பிட்டு, அங்கே கேட்கவேண்டிய கேள்விகளைச் சிங்களத்தில் ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னார். நியமனக் கடிதம் எப்போது தருவீர்கள், சேமலாப நிதி முதல் மாதத்திலிருந்தா, கையெழுத்து வைக்கமுன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கலாமா என்று மூன்றை எழுதினேன். தாத்தா வாசித்துப் பார்த்துவிட்டு, என் பேனையை வாங்கி நாலாவதாகத் தானே ஒன்றை எழுதினார்: இரவு ஓவர்டைம் முடிந்தால் மடவளைக்கு பஸ் விடுவீர்களா?